இருவருக்கு நடுவே ஒரு செபமாலை

தூத்துக்குடியில் ஒரு வீட்டு முன்னறைச் சுவரில் சின்னதாக ஒரு பீடம் இருந்தது. பீடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மரப்பலகை, அதன்மேல் மாதா சுரூபம், ஒரு மெழுகுவர்த்தி, வேளாங்கண்ணியிலிருந்து வந்த தீர்த்தப் புட்டி. பலகைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு செபமாலை.

செபமாலைக்கு வயது பத்தொன்பது. மரமணிகள், நைலான் நூல். கஸ்பாருக்கும் ஜெசிந்தாவுக்கும் கல்யாணமான வருஷம் வாங்கியது. கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஜெசிந்தாவுக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. மகள் நர்சிங் படிக்க மதுரை விடுதிக்குப் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இருவர்தான்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இருவரும் பீடத்தின் முன்னால் முழந்தாளிடுவார்கள். ஐந்து சுற்று, சுற்றுக்குப் பத்து மணி. முதல் சுற்றில் 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் முன்பாதியைக் கஸ்பார் சொல்ல, ஜெசிந்தா பின்பாதியைச் சொல்லி முடிப்பாள். அடுத்த சுற்றுக்குச் செபமாலை அவள் கைக்குப் போகும். அப்படிக் கைமாறும்போது இரண்டு பேருடைய விரல்களும் லேசாக உரசிக்கொள்ளும். செபமாலைக்கு அந்த நொடி ரொம்பப் பிடிக்கும். தன்னால்தான் அந்த வீடே கோத்து நிற்கிறது என்று அதற்கு ஒரு எண்ணம்.

அப்படி இருந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு நின்றுபோனது.

அன்று அன்பியக் கூட்டம். பங்கில் ஒரு தெருக்காரர்கள் எல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்துச் செபிக்கிற கூட்டம் அது. "அடுத்த வாரம் யார் வீட்டுல?" என்று கேட்டதும் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கஸ்பார் மட்டும் டக்கென்று கையைத் தூக்கினார். "நம்ம வீட்டுல வச்சுக்குவோம். டிபனே சாப்பிட்டுட்டுப் போகலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா சபையில் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"முப்பது பேரு. என்னைய ஒரு வார்த்தை கேட்டியளா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? சாமி காரியம்."

"சாமி வந்து இட்லி ஊத்துவாரோ?"

அதுதான் கடைசிப் பேச்சு. திங்கட்கிழமை காலையில் காபி மேசையில் இருந்தது. குடிக்கச் சொல்ல ஆள் இல்லை. மகளாவது இருந்திருந்தால் 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட கேளு' என்று நடுவே ஓடியிருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை.

ஆனாலும் திங்கள் சாயங்காலம் இருவரும் வழக்கம்போல முழந்தாளிட்டார்கள். சண்டைக்காக மாதாவைப் பட்டினி போட முடியுமா?

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அதை யாருக்காவது ஒப்புக்கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக. அன்று கஸ்பார் தொண்டையைச் செருமினார். "விருந்தாளின்னாலே முகம் சுளிக்கிறவங்க மனசு இளகணும்னு இந்தச் சுற்றை ஒப்புக்கொடுக்கிறோம்."

பத்து மணி முடிந்ததும் செபமாலையைக் கையில் கொடுக்காமல் நடுவில் இருந்த முக்காலியில் வைத்தார். ஜெசிந்தா அதை எடுத்துக்கொண்டாள். "பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கிறதே ஞாபகம் இல்லாம கையைத் தூக்குறவங்களுக்கு நல்ல புத்தி கிடைக்க, இந்தச் சுற்றை ஒப்புக்கொடுக்கிறோம்."

பலகையில் மெழுகுவர்த்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு சொட்டு கீழே விழுந்தது.

"கடவுளையே தபால்காரர் ஆக்கிப்புட்டாங்களே," என்றது அது.

"ஸ்டாம்பு ஒட்டாத தபால்," என்றது தீர்த்தப் புட்டி. அதற்கு நீலத் திருகுமூடிதான் கிரீடம். உள்ளே கால்வாசித் தண்ணீர்தான் இருந்தாலும் பேச்சில் குறைவிருக்காது.

செவ்வாய்க்கிழமை, "உப்பு இல்லாத சாம்பாரையும் பொறுமையா சாப்பிடுறவங்களுக்காக," என்று கஸ்பார் ஒப்புக்கொடுத்தார். "உப்பு டப்பா எந்தத் தட்டுல இருக்குன்னு பத்தொம்பது வருசமாத் தெரியாதவங்களுக்காக," என்று ஜெசிந்தா ஒப்புக்கொடுத்தாள். அன்றைக்கு அவள் செபத்தின் பின்பாதியில் 'பாவிகளாகிய' என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சொல் கஸ்பார் பக்கம் போய் விழுந்தது. அடுத்து வரும் 'எங்களுக்காக' அவள் வாய்க்குள்ளேயே கரைந்துவிட்டது.

செபமாலைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் முக்காலியில் 'டப்'பென்று விழுந்து விழுந்து அதன் முடிச்சுக்கிட்டே நூல் பிரியத் தொடங்கியிருந்தது. மூன்று இழைகளில் ஒன்று புதன்கிழமை போனது. வெள்ளிக்கிழமை இன்னொன்று போனது. மிச்சம் ஒரே இழை.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதேன்," என்றது செபமாலை. "நான் மட்டும் அறுந்தா அவ்வளவுதான். இந்த வீட்டுல ரெண்டு பேரும் வாயைத் திறக்கிறதே என்னால."

"அறுந்தா உன்னைப் புதைச்சிருவாங்க," என்றது மெழுகுவர்த்தி. அதற்கு எதையும் ஒளித்துப் பேசத் தெரியாது. "சாமியார் மந்திரிச்ச பொருளைக் குப்பையில போடமாட்டாங்க. போன வருஷம் கை உடைஞ்ச அந்தோனியார் சுரூபத்தை முருங்கை மூட்டுல புதைச்சாங்கல்லா."

"எனக்குப் புதைக்கிறது பயம் இல்லை. பேச்சு நின்னுருமேன்னுதான்." பாதிதான் உண்மை. அதற்கு அந்த முருங்கை மரத்தடியும் பயம்தான்.

தீர்த்தப் புட்டி செபமாலைப் பக்கம் திரும்பியது. பிறகு கேட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை அருள் நிறைந்த மரியே?"

"தொடக்கத்துல மூணு, அப்புறம் அஞ்சு பத்து. ஐம்பத்து மூணு."

"ஆக, மாதாகிட்ட ஐம்பத்து மூணு தடவை பேசுறாங்க. ஒருத்தர்கிட்ட ஒருத்தர்?"

செபமாலை ஆணியில் லேசாக ஆடியது.

"நாளன்னைக்கு முப்பது பேரு வாராங்க," என்றது புட்டி. "வாடகைக்குச் சேர் சொன்னாரான்னு அவளுக்குத் தெரியாது. சீனி வாங்கினாளா, மாவு ஆட்டினாளான்னு அவருக்குத் தெரியாது. நான் இங்கன இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், சேரும் வரலை, சீனியும் வரலை. ஆனா தினமும் ஏழு மணிக்கு முழந்தாள் போட்டு எந்திரிச்சதும், இன்னைக்கு நம்ம கடமை முடிஞ்சுதுன்னு ஆளுக்கு ஒரு பக்கம் போயிருதாங்க. உன்னைப் பிடிச்சுக்கிட்டே சண்டை போடறது அவங்களுக்கு வசதியாப் போச்சு."

"அப்ப நான் என்ன செய்யணுங்கிற?"

"நான் புட்டி. மூடியைத் திறந்து கவிழ்த்தாத்தான் எனக்கு வேலை. உன் காரியம் உனக்குத்தான் தெரியும்."

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. மறுநாள் கூட்டம். அடுப்பங்கரையில் அரிசி ஊறவில்லை. முன்னறையில் இருந்தது இரண்டே நாற்காலி. இருவரும் அதைப் பார்த்தும் பார்க்காதவர்கள்போல முழந்தாளிட்டார்கள்.

சனிக்கிழமை, இயேசுவின் பிள்ளைப்பருவ நிகழ்ச்சிகளான மகிழ்ச்சி நிறை மறைபொருள்களைத் தியானிக்கும் நாள். இருவருடைய முகத்திலும் மகிழ்ச்சி மருந்துக்கும் இல்லை. நான்கு சுற்று முடிந்தது. ஐந்தாம் சுற்றுக்குக் கஸ்பார் முக்காலியிலிருந்து செபமாலையை எடுத்து, வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொன்னார். "காணாமற்போன இயேசுவை மூன்றாம் நாள் கோவிலில் கண்டடைந்ததைத் தியானிப்போமாக."

ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. கடைசி இழை விண்விண் என்று இழுத்தது. செபமாலை பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது. நான்கு, ஐந்து. அது ஒருமுறை மாதாவைப் பார்த்தது. மாதா வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு நின்றாள். விரித்த கையில் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது என்பது அப்போதுதான் அதற்குத் தோன்றியது.

ஆறாவது மணியில் அது முடிச்சை விட்டுவிட்டது.

மணிகள் சடசடவென்று தரையில் விழுந்து ஓடின. கட்டிலுக்கு அடியில் சில, ஃபிரிட்ஜுக்கு அடியில் சில, ஒன்றிரண்டு வாசல்படி வரைக்கும். கஸ்பார் பதறி எழுந்தார்.

"அசையாதிய, மிதிச்சுருவிய," என்றாள் ஜெசிந்தா.

சொன்னபிறகுதான் தான் பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது. கஸ்பார் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார்.

"காலைக் கீழ வைக்கட்டா?"

"பாத்து வைங்க."

அவர் பார்த்து வைத்தார். பிறகு இருவரும் கையை ஊன்றித் தரையில் தவழ ஆரம்பித்தார்கள். மாதா முன்னால்கூட அந்த வாரம் அவர்கள் அவ்வளவு தாழக் குனியவில்லை.

"ஃபிரிட்ஜுக்கு அடியில நாலஞ்சு கிடக்கு. கை போகலை. தொடப்பம் எங்க?"

"கதவுக்குப் பின்னாடி."

"எந்தக் கதவு?"

"வீட்டுல இருக்கிறதே மூணு கதவு. தேடுங்க."

அவர் தேடி எடுத்துவந்தார். துடைப்பக் குச்சியால் தள்ளத் தள்ள, மணியோடு ஒட்டடையும், மகள் தொலைத்த ஒரு ஹேர்கிளிப்பும், காய்ந்த பட்டாணி இரண்டும் வந்தன. ஒரு பட்டாணியைக் கஸ்பார் மணி என்று நினைத்துப் பத்திரமாக எடுத்துவைத்தார். ஜெசிந்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கு எந்தச் செபம்?" என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கட்டிலுக்கு அடியில் இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த இருட்டில் ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப தியானிச்சோமே, பிள்ளை காணாமப் போனது. திருவிழா முடிஞ்சு திரும்பையில தாயும் தகப்பனும் ஒரு நாள் பூரா நடந்திருக்காங்க. பிள்ளை உங்ககூட இருக்கானான்னு மாதா ஒரு வார்த்தை கேக்கலை. உன்கூட இருக்கானான்னு சூசையப்பரும் கேக்கலை. கூட்டத்துல இருப்பான்னு ஆளுக்கு ஆள் நினைச்சுக்கிட்டு நடந்திருக்காங்க."

கஸ்பார் ஒரு மணியை எடுத்துத் தூசியை ஊதினார். இன்னொரு தடவை ஊதினார். அதில் தூசி இல்லை.

"உன்னைக் கேட்டிருக்கணும் ஜெசி."

"கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்கமாட்ட. அதான் கேக்கலை."

"அதுக்குத்தான் கேக்கணும்."

அவர் தலையாட்டினார். கட்டில் சட்டத்தில் தலை இடித்தது. அவள் கையை நீட்டி இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

"நானும் சாமிகிட்டப் போய் உங்களைப் பத்திக் கோள் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். பிறகு நினைவு வந்தவளாக, "சேர் சொல்லிட்டியளா?" என்று கேட்டாள்.

"நானா? நீ ஆள் அனுப்பியிருப்பன்னுல்லா நினைச்சேன். அரிசி ஊறப்போட்டுட்டியா?"

"டிபனுக்குக் கடையில சொல்லியிருப்பியன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அடங்கவில்லை.

"இட்லி வேண்டாம்," என்றார் கஸ்பார் வெளியே வந்து. "உப்புமா கிண்டுவோம். வெங்காயம் நான் வெட்டுதேன்."

"உப்பு டப்பா மேல் தட்டுல வலது ஓரம்," என்றாள் அவள்.

மணிகளை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு எண்ணினார்கள். சின்ன மணியும் சுற்றுகளுக்கு நடுவே வரும் பெரிய மணியுமாக ஐம்பத்தொன்பது வேண்டும்; ஐம்பத்தெட்டுதான் இருந்தது. ஒன்று குறைந்தது.

"பெருக்கையில கிடைக்கும்," என்றாள் ஜெசிந்தா. "நூல்தான போச்சு. நாளைக்கு நல்ல கெட்டி நூலா வாங்கிட்டு வாங்க, நான் கோக்குதேன்."

டம்ளரைப் பீடத்தில் மாதாவின் காலடியில் வைத்தாள். "பாதியில நிக்குது. நாலு மணி பாக்கி. முடிச்சுட்டு வெங்காயத்துக்குப் போவோம்."

"என் கை முழுக்க ஒட்டடையா இருக்கே."

"அப்ப என் விரல்ல எண்ணுங்க."

இருவரும் முழந்தாளிட்டார்கள். கஸ்பார் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு முன்பாதியைச் சொன்னார். அவள் பின்பாதியைச் சொன்னாள். 'பாவிகளாகிய' என்பதும் 'எங்களுக்காக' என்பதும் ஒரே அளவில் வந்தன.

பலகைமேல் மெழுகுவர்த்தி டம்ளர் பக்கம் சாய்ந்தது. "ஏய், கேட்டியா? உன்னைப் புதைக்கலையாம், கோக்கப்போறாங்களாம். சந்தோஷம்தான?"

"கொஞ்சம் சும்மா இரு," என்றது செபமாலை, டம்ளருக்குள்ளிருந்து. "பத்தொம்பது வருஷமா எண்ணிக்கிட்டே இருந்துட்டேன். இன்னைக்குத்தான் செபத்தைக் கேக்கேன்."