பன்னிரண்டு காளவாய்களின் புகை

சிங்காரம் மலையேறி வந்தபோது உச்சிவெயில். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடி வரக்கூடாதுதான். வீட்டில் மனைவி மூச்சுக்குத் திணறும்போது வயசை யார் பார்ப்பார்கள்?

குரு மங்கலத்தம்மாள் அவரைவிட இருபது வயது சின்னவர். மலைச்சரிவின் நடுவே இருந்த மடத்தின் முற்றத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கீழே அடிவாரத்தில் சிங்காரமும் பங்காளிகளும் நடத்தும், சுண்ணாம்புக்கல் சுடும் காளவாய்கள், பன்னிரண்டு. அதற்கும் கீழே, மூன்று பக்கமும் மலை அடைத்த பள்ளத்தில் நகரம்.

"அம்மா, சொர்ணத்துக்கு இழுப்பு அதிகமாயிடுச்சு. படுத்தா மூச்சு நின்னுடுமோன்னு விடிய விடிய உக்காந்தே இருக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"வைத்தியர் என்ன சொல்றார்?"

"புகை போனாத்தான் உண்டுங்கறார். வெயில் ஏறுற வரைக்கும் ஊரைப் புகை மூடிக் கிடக்குது. நீங்கதான் மலைகிட்ட காத்து கேக்கணும்."

"மலைக்காத்து தினமும் வருதே."

"எங்க வருது?" என்று கத்திவிட்டார் சிங்காரம். குருவிடம் கத்திவிட்டோமே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தார்.

அம்மாள் ஒரு பிடி பச்சைத்தழையை அடுப்பில் போட்டார். புகை எழுந்து, சரிவோடு மேலேறி, உச்சிப் பக்கம் போய்க் கலைந்தது.

"உக்காருங்க. பொழுது சாயட்டும்."

"அதுவரைக்கும் அவ..."

"பக்கத்துல யார் இருக்கா?"

"மக இருக்கா."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தார் என்று பேர்தான். பத்து தடவை எழுந்து போய்த் தன் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று பார்த்தார்.

மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் போயிற்று. பாறைகள் குளிர்ந்தன. அம்மாள் மறுபடி ஒரு பிடி தழை போட்டார். புகை கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு தரையை ஒட்டித் தாழ்ந்து, பகலில் ஏறிய திசைக்கு எதிராக இறங்கியது. காளவாய்களைத் தாண்டி நகரத்தைப் பார்த்துப் போயிற்று.



"காளவாயை எப்பப் பத்த வைக்கிறீங்க?" என்று அம்மாள் கேட்டார்.

"விளக்கு வச்சப்புறம்."

"முன்னெல்லாம் காலையில வைப்பீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க."

"பகல்ல வச்சா புகை இங்க ஏறி வருது. மூணு வருசம் முன்னாடி பாடம் சொல்லும்போது நீங்க இருமினீங்க. எனக்கு மனசு கேக்கல. பங்காளிங்க எல்லாரும் கூடி, இனிமே ராத்திரிலதான் எரிக்கணும்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சா வேணாம்பீங்கன்னு சொல்லல."

"சொர்ணத்துக்கு எப்ப இருந்து இழுப்பு?"

சிங்காரம் விரல்விட்டு எண்ணினார். "அதுவும் மூணு வருசமாத்தாம்மா."

அம்மாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார்.

"மூணு வருசமா என் நெஞ்சு லேசாத்தான் இருக்கு. மனசு அடங்கினா மூச்சு தானா சீராகும்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

கீழே யாரோ விளக்கேற்றினார்கள். இன்னும் சற்று நேரத்தில் முதல் காளவாய்க்குத் தீ வைத்துவிடுவார்கள். சிங்காரம் பதறி எழுந்தார்.

"ஓடிப்போய்த் தடுங்க. நாளைக்கு வெயில் ஏறினப்புறம் பத்த வைக்கட்டும். புகை உசரப் போய்க் கலையும்."

இரண்டு படி இறங்கியவர் நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"வழியில நீங்க இருக்கீங்களேம்மா. பன்னெண்டு காளவாய்ப் புகையும் முதல்ல உங்க மேலதானே ஏறும்?"

"ஏறட்டும். என் மூச்சு சீரானது மனசாலயா, உங்க தயவாலயான்னு நாளைக்குத் தெரிஞ்சுடும். நீங்க ஓடுங்க."