ஊனா வீட்டுக் கருவாடு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஊர் ஊராக நடந்து ஜெபம் சொல்லிவந்தவர் துறவி ஃபின்டன். அவருடைய சீடர் லோர்கன் அவரைவிட வயதில் மூத்தவர். இளகிய மனசு, அதைவிட நீளமான வாய்.

ஒரு மத்தியானம் மழைக்கு ஒதுங்க ஊனாவின் குடிசைக்குள் நுழைந்தார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். மூன்று பிள்ளைகள். வெந்த உருளைக்கிழங்கைக் கூடையில் கொட்டி, கூடையைப் பானையின் மேலேயே வைத்திருந்தாள். சுற்றி உட்கார்ந்தால் அதுதான் சாப்பாட்டு மேசை. கூட உப்பும் ஒரு குவளை மோரும்.

உத்தரத்துக் கொக்கியில் ஒரு கருவாடு தொங்கியது. பிள்ளைகள் கிழங்கை அதற்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டு, மீன் ருசியை நினைத்துக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். ஏழை வீடுகளில் அப்படித்தான் வழக்கம். கருவாட்டை யாரும் தொடுவதில்லை.

விருந்தாளிகளைக் கண்டதும் ஊனா அதை இறக்கி அடுப்புப் பக்கம் போனாள்.

“வேண்டாம்மா,” என்றார் லோர்கன். “பிள்ளைங்களுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். திரும்ப மாட்டிடு.”

ஊனாவின் முகம் செத்துப்போயிற்று. கருவாடும் கையுமாக நின்றாள்.

“நல்லாச் சுடு தாயி,” என்றார் ஃபின்டன்.

சுட்டதை நிதானமாகச் சாப்பிட்டார். தலையைக்கூட விடவில்லை, உறிஞ்சினார். கடைக்குட்டி அழ ஆரம்பித்தது.

“இன்னும் இருக்கா?” என்று வேறு கேட்டார்.

“தீந்துபோச்சு சாமி,” என்றாள் ஊனா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லோர்கனால் நம்ப முடியவில்லை. தெய்வமாக நினைத்த மனிதரா இப்படி? மழை விட்டதும் இருவரும் கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் லோர்கன் நின்றுவிட்டார்.

“இனி உங்களோட ஒரு அடி நடக்க மாட்டேன்.”

“சரி.”

“பசிச்ச பிள்ளைங்க பார்த்துக்கிட்டிருக்க, எப்படித் தொண்டையில எறங்குச்சு?”

“எறங்கல. கஷ்டப்பட்டு முழுங்கினேன்.”

“நாளைக்கு அதுங்க எதைக் காட்டிச் சாப்பிடும்?”

“வெறும் கொக்கியை. ‘இதுல இருந்ததை வந்தவருக்குப் போட்டோம்’னு அவ பெருமையாச் சொல்லுவா. நீங்க சொன்னபடி திரும்ப மாட்டியிருந்தா, அதைக் காட்டிப் பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லியிருப்பா, லோர்கன்?”