இடம் மாறிய ஏப்பம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று சொன்னால் வம்பு, ஓர் அரசருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ஊரின் பெரிய வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் இரவு உணவுக்கு ஒரு பதார்த்தம் வரும். அரசர் எல்லாவற்றிலும் ஒரு கவளமாவது உண்ண வேண்டும். ஒதுக்கினால் அந்த வீட்டுக்கு அவமானம். உண்டதும் மஞ்சத்தில் சாய்வார். விகடகவி கூத்தன் கதை சொல்வான். சிரிக்கும் நேரத்தில் மட்டும் எரிச்சல் மறந்திருக்கும்.

அதனாலேயே கூத்தனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவன் மனைவி செங்கமலம் தாய்வீட்டில் பெண் பெற்றிருந்தாள். உப்பு வண்டிக்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார்: "புள்ள சிரிச்சா கன்னத்துல குழி விழுதுங்க." அன்றிலிருந்து தெருவில் எந்தக் குழந்தையின் குரல் கேட்டாலும் கூத்தனின் கால்கள் நின்றுவிடும். சபையைச் சிரிக்கவைத்துவிட்டு, அந்தக் குழியை நினைத்தபடி வீடு திரும்புவான்.

அரண்மனை வைத்தியர் மார்க்கபந்து, "கல்லீரல் வீக்கம்" என்று சொல்லிக் கசப்புக் கஷாயம் கொடுத்துவந்தார். ஒருநாள் கூத்தன் பொறுக்காமல், "அரசே, தங்கள் கண் மஞ்சளிக்கவில்லை. பசியும் குறையவில்லை. இது கல்லீரல் என்று நான் நம்பவில்லை" என்றான்.

வைத்தியருக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் விகடகவியே காரணத்தை நிரூபிக்கட்டும். அரசரைத் தொடக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது. மருந்து கொடுக்கக்கூடாது. தோற்றால் ஆயுளுக்கும் அரண்மனையை விட்டு நகரக்கூடாது!"

"வென்றால்?" என்றான் கூத்தன்.

"விடுப்பு" என்றார் அரசர்.

"அரசே, எனக்கு ஒன்றுதான் தேவை. சில நாட்கள் தங்கள் உணவை வைத்தியர் உண்ணட்டும். வைத்தியர் உணவைத் தாங்கள் உண்ணுங்கள். அவர் படுக்கும் வேளையும் தங்கள் வேளையும் மாறட்டும்."

சபை சிரித்தது. அரசர் இசைந்தார்.

வைத்தியர் பொழுது சாயுமுன் கஞ்சியும் துவையலும் உண்டு, குளக்கரையில் உலாவுகிறவர். இப்போது அரசர் உலாவினார். வைத்தியரோ எண்ணெய் மிதக்கும் வறுவலையும் நெய்ப் பலகாரத்தையும் விழுங்கினார். ஒதுக்க முடியுமா? ஒவ்வொரு வீட்டு ஆளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தானே! உண்டதும் மஞ்சத்தில் கிடத்தினார்கள்.

கூத்தன் மட்டும் சரியாக உண்ணவில்லை. தவறிவிட்டால் மகள் தகப்பன் முகம் அறியாமலேயே வளர்வாள்.

சில நாட்களில் சபை கூடியது. வைத்தியர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். புளித்த ஏப்பம் ஒன்று தூணில் மோதித் திரும்பியது. அவர் கை தானாக நெஞ்சைத் தடவியது.

அரசர் துள்ளி எழுந்தார். "கூத்தா! அது என்னுடைய ஏப்பம்!"

"ஐயா வைத்தியரே, தங்களுக்கும் கல்லீரல் வீங்கிவிட்டதா?" என்றான் கூத்தன் பணிவாக.

"இல்லையப்பா... அந்தப் பந்தி! தின்றதும் படுத்தால் புளிப்பு மேலே ஏறாமல் என்ன செய்யும்?" என்று வைத்தியரே முனகிவிட்டார்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகும் நெஞ்சு எரியவில்லை. பதார்த்தங்கள் இனி ஊர்ச் சத்திரத்துக்குப் போகட்டும் என்று ஆணையிட்டார். "கேள், கூத்தா! பொன்னா, நிலமா?"

"குதிரை, அரசே. வேகமான குதிரை."

"குதிரையும் உண்டு, குழந்தைக்குத் தங்கக் கொலுசும் உண்டு!"

கொலுசு தட்டில் வந்தபோது வாங்க ஆளில்லை. கோட்டை வாசலில் புழுதி மட்டும் எழுந்திருந்தது. அரசர் மறுபடி சிரித்து, கொலுசோடு ஒரு வீரனைப் பின்னாலேயே விரட்டினார். ஊர் எல்லை வரையிலும் அவனால் கூத்தனை எட்டிப்பிடிக்க முடியவில்லையாம்.