தொட்டது தெரியாத அழுங்கு

மலையடிவாரத்து ஏரி கோடையில் வற்றிவிடும். வற்றிய ஏரி மண்ணில் குட்டி விலங்குகள் சாயங்காலந்தோறும் சடுகுடு ஆடும். மேல்கரைக் குட்டிகள் ஓர் அணி, கீழ்க்கரைக் குட்டிகள் ஓர் அணி.

அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. ஒரு தடவை கொக்கை நடுவராக நிறுத்திப் பார்த்தார்கள். அது பாதி ஆட்டத்தில் சேற்றில் மீன் துடிப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரே விதிதான். பாடி வருபவன் கை யார் மேல் பட்டதோ, அவரே “நான் அவுட்” என்று சொல்லிவிட்டுக் கருவேல மரத்தடியில் போய் உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால், மரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து வரலாம்.

மேல்கரை அணியில் செதிலன் என்றோர் அழுங்குக் குட்டி இருந்தது. எறும்பு தின்னும் பிராணி. தலை முதல் வால் வரை ஓடு அடுக்கியதுபோல் செதில்கள். ஓட்டம் வராது. தாவத் தெரியாது. ஆனாலும் பதினோரு நாளாக அது ஒரு முறைகூட மரத்தடிக்குப் போகவில்லை!

‘நமக்கு அதிர்ஷ்டம்’ என்று செதிலன் நினைத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் கீழ்க்கரைக் கீரி மூச்சுப் பிடித்துப் பாடி வந்தது. செதிலனைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து, நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பியது.

“செதிலன் அவுட்!”

“இல்லையே, என் மேல் படலையே” என்றது செதிலன்.

“மூணு தடவை தொட்டேன்டா, புளுகு மூட்டை!”

மேல்கரைத் தலைவி மந்தி இடையில் குதித்தது. “ஏய், யாரைப் புளுகன்கிறே? பட்டா அவனே சொல்லுவான். தோற்கிறவனுக்கு வாய் நீளம்!”

கீரி முன்னங்காலை நீட்டியது. அதில் மெல்லிய கீறல், ஒரு துளி ரத்தம்.

“அப்போ இது எப்படி வந்துச்சு? உன் செதில்தானே கிழிச்சுது?”

செதிலன் அந்தக் கீறலையே பார்த்தது. கூட்டம் கலைந்து போனது. அது மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ‘நான் பொய் சொல்லவில்லை. அவனும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் நடந்தது என்ன?’

மறுநாள் காலை அது முயலைத் தேடிப் போனது. முயலும் மேல்கரை அணிதான்.

“முயலு, ஒண்ணு கேக்கணும். யாராவது தொட்டா எப்படி இருக்கும்?”

“இதென்னடா கேள்வி? தொட்டா தொட்ட மாதிரி இருக்கும்!”

“அதான், எந்த மாதிரி?”

முயல் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தது. “விடியக்காலையில பனிப் புல்லுல வயிறு படுமே, அந்த மாதிரி. திடுக்குன்னு இருக்கும். உடம்பு தானா நெளியும்.”

“நான் கண்ணை மூடிக்கிறேன். நீ என் முதுகைத் தொடு.”

செதிலன் கண்ணை மூடிக் காத்திருந்தது. எங்கோ ஒரு தவிட்டுக்குருவி கத்தியது.

“எப்போடா தொடப்போறே?”

“நாலு தடவை தொட்டாச்சு!” என்றது முயல்.

செதிலன் கண்ணைத் திறந்தது. பன்னிரண்டு நாள். எத்தனை கை பட்டிருக்கும்? எத்தனை முறை மரத்தடிக்குப் போயிருக்க வேண்டும்?

முயல் வாயில் எதுவும் தங்காது. மதியத்துக்குள் மந்திக்குச் செய்தி போய்விட்டது. மந்தி கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தது.

“இது வரம்டா, வரம்! நாளைக்குப் பெரிய ஆட்டம். நீ பாட்டுக்கு நடுவுல நில்லு. யாரு தொட்டாலும் ‘தெரியாது’ன்னு சொல்லு.”

“அது பொய் இல்லையா?”

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றது எப்படிடா பொய்யாகும்? உண்மையிலேயே உனக்குத் தெரியாதே!”

செதிலன் யோசித்துப் பார்த்தது. மந்தி சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஓட்டையே தெரியாததுதான் அதை உறுத்தியது.

மந்தி கீழே குதித்து அதன் காதருகே வந்தது. “இன்னொண்ணும் கேட்டுக்கோ. உனக்கு ஓடத் தெரியாது, பாடத் தெரியாது. அவுட் ஆகாதவன்னுதான் உன்னை வச்சிருக்கோம். அவுட் ஆகிறதா இருந்தா உனக்கு அணியில என்ன வேலை?”

சாயங்கால ஆட்டம் இல்லாத ஒரு நாளைச் செதிலனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாள் என்பதால் அன்று ஆட்டம் இல்லை. மாலை வரை செதிலன் வழி தேடியது. முதுகில் ஈரச் சேற்றைப் பூசிக்கொண்டது. யாராவது தொட்டால் தடம் விழும் அல்லவா? நாலு அடி ஓடியதும் சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. முயலைத் தொடச் சொல்லி, செதில் உரசும் சத்தத்தை உற்றுக் கேட்டுப் பார்த்தது. முயல் “சடுகுடு சடுகுடு” என்று பாடியவுடன் அந்தச் சத்தம் அமுங்கிப்போனது. வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. ‘பட்டது எனக்குத் தெரியாது, சரி. தொட்டவனுக்குத் தெரியுமே!’

அவ்வளவு எளிதாக இருந்தது அது. ஆனால் தொட்டவன் எதிராளி அல்லவா?

மறுநாள் பெரிய ஆட்டம். இரண்டு கரையிலும் கூட்டம். தொடக்கத்திலேயே கீரி பாடி வந்தது. செதிலன் பக்கம் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, திரும்பி ஓடிக் கோட்டைத் தாண்டியது.

செதிலன் ஓரடி முன்னால் வந்தது. “கீரி, என்னைத் தொட்டியா?”

கூட்டம் வாயைப் பிளந்தது. கீரிக்கும் ஒன்றும் புரியவில்லை. இப்படி யாரும் அதைக் கேட்டதே இல்லை.

“எ... என்ன?”

“பட்டா எனக்குத் தெரியாது. என் செதில் அப்படி. உனக்குத் தெரியும். தொட்டியா?”

கீரி முழித்தது. பின்னாலிருந்து யாரோ அதை இடித்தார்கள்.

“தொ... தொட்டேன்.”

“பொய்! ஒரு முழம் தள்ளித்தான் போனான்! நான் பார்த்தேன்!” என்று முயல் கத்தியது.

செதிலன் வாக்குவாதம் செய்யவில்லை. நேராக நடந்து மரத்தடியில் உட்கார்ந்தது. மந்தி நெற்றியில் அடித்துக்கொண்டது. “அட மண்டூகமே! எதிராளிகிட்டப் போயா கேப்பாங்க!”

கீழ்க்கரைக் குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. கீரி மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் முதுகில் தட்டியபோதும் அது மரத்தடியையே ஓரக்கண்ணால் பார்த்தது.

ஆட்டம் சூடு பிடித்தது. சிலர் போனார்கள், சிலர் வந்தார்கள். மந்தியின் புண்ணியத்தில் செதிலனும் எழுந்து வந்தது. பிறகு மந்தியே அவுட் ஆனது. முயலும் போனது. கடைசியில் மேல்கரையில் நின்றது செதிலன் ஒன்றுதான். கீழ்க்கரையில் மூன்று பேர்.

கீரி பாடி வந்தது. செதிலன் இப்படியும் அப்படியும் புரண்டது. கீரி மேலே விழுவதுபோல் கையை வீசிவிட்டு மூச்சு முடியுமுன் திரும்பியது.

கூட்டம் கோட்டோரம் நெருங்கி வந்தது.

“தொட்டியா, கீரி?”

“தொட்டேன்னு சொல்லு! தொட்டேன்னு சொல்லுடா! ஜெயிச்சாச்சு!” என்று கீழ்க்கரை அலறியது.

கீரி தன் கையைப் பார்த்தது. பிறகு செதிலனைப் பார்த்தது. சண்டைக்கு நிற்பவன்போல் செதிலன் நிற்கவில்லை. பதிலுக்காக மட்டும் நின்றது. ‘ஆமாம்’ என்றால் இப்போதும் பேசாமல் நடந்துபோய்விடும். கீரிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

“இல்லை” என்றது கீரி. “காத்துலதான் வீசினேன். முதல்லயும்... முதல்லயும் தொடலை.”

கீழ்க்கரை “ஓ” என்று கூவியது. மேல்கரை குதித்தது. ஆனால் ஆட்டம் முடியவில்லையே! இனி செதிலன் பாடிப் போக வேண்டும். அது போனது. மூன்று பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். செதிலன் பழக்கத்தில் பந்தாகச் சுருண்டுகொண்டது. அந்தப் பந்துக்குள் அது பாடுகிறதா, இல்லையா? வெளியே யாருக்கும் கேட்கவில்லை. பந்து மெல்ல உருண்டு நடுக்கோட்டைத் தாண்டியது.

“ஜெயிச்சோம்!” என்று மந்தி துள்ளியது.

பந்து பிரிந்தது. செதிலன் தலையை நீட்டியது. “இல்லை. உள்ளே மூச்சு விட்டுட்டேன். கோட்டுக்கு முன்னாடியே.”

மேல்கரை தோற்றது.

“நாளைக்கு நீ வர வேண்டாம்” என்றது மந்தி.

மறுநாள் செதிலன் கோட்டுக்கு வெளியே ஒரு கல்லருகே உட்கார்ந்தது. ஆட்டத்தைப் பார்க்கவாவது பார்க்கலாம் அல்லவா? கீழ்க்கரைக் குட்டிகள் வந்தன. கீரி எதிரணியை ஒரு முறை பார்த்தது.

“செதிலன் எங்கே?”

“நிறுத்திட்டோம். உனக்கென்ன?” என்றது மந்தி.

“அவன் இறங்கினாத்தான் நாங்க ஆடுவோம்.”

“ஏன்? அவன் இருந்தா சுலபமா ஜெயிக்கலாம்னா?”

“இல்லை மந்தி” என்றது கீரி. “அவன் மரத்தடிக்குப் போனானே, அப்போ ஜெயிச்சது நான்தான். அதுக்கப்புறம் ஆட்டத்துல மனசே ஒட்டலை. நேத்து கடைசியில தொடலைன்னு சொன்னேனே, அதுக்கப்புறம்தான் சோறு இறங்குச்சு.”

மந்தி வாலைச் சுருட்டியது, விரித்தது. பிறகு கல்லின் பக்கம் திரும்பாமலே, “வாடா, வந்து நில்லு” என்றது.

ஆட்டம் தொடங்கியது. கீரி பாடி வந்தது. மந்தி எம்பிக் குதித்தது. கீரியின் நகம் அதன் வால் மயிரில் பட்டும் படாமல் உரசியது. யாரும் பார்க்கவில்லை. கீரிக்கே சந்தேகம்தான். மந்தி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. செதிலன் நின்ற பக்கமும் பார்த்தது.

“சே! நான் அவுட்” என்று முணுமுணுத்துக்கொண்டு மரத்தடியை நோக்கி நடந்தது.

பொய் சொல்லாமல் இருப்பது மட்டும் நேர்மை ஆகாது. தெரியாமல் இருப்பது நமக்கு லாபம் என்றாலும், வலியப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வதே நேர்மை.