உறுமாத நாய்

“மூணு பேரைக் கடிச்சிருச்சும்மா,” என்றார் வைரக்கண்ணு.

எஸ்தர் மரத்தடியில் கட்டியிருந்த நாய்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தஞ்சாவூரில் வல்லம் தாண்டி ஒரு முந்திரித் தோப்பு. கடிக்கிற நாய்களைப் பழக்க எஸ்தரிடம் அங்கேதான் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் எல்லாம் கையை விரித்த பிறகு வருவார்கள். எஸ்தருக்கு வயது முப்பத்தெட்டு. பேச்சு குறைவு. முகத்தில் எப்போதும் ஒரு களைப்பு.

வைரக்கண்ணுவுக்கு அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். பட்டுக்கோட்டையிலிருந்து பழைய காரின் பின்சீட்டில் நாயைக் கட்டிப்போட்டு, ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்திருந்தார்.

செம்பழுப்பு நிற நாட்டு நாய். கஜா புயலுக்கு மறுநாள், கொல்லையில் விழுந்துகிடந்த தென்னைக்கு அடியில் குட்டியாகக் கிடைத்தது. பெயரும் கஜாதான்.

“யார் யாரைக் கடிச்சுது?”

“மொதல்ல சிலிண்டர் போடுறவரு. அப்புறம் மாப்பிள்ளை. போன வாரம் எங்க வீட்டுக்காரி. கையில ஏழு தையல்.”

“ம்.”

“பொண்ணு அழுவுது. இந்த நாய் இருக்கிறவரைக்கும் குழந்தையத் தூக்கிக்கிட்டு வாசப்படி மிதிக்க மாட்டேங்குது. நாய் டாக்டர் முடியாதுன்னுதான் சொன்னாரு. பொண்ணுதான் பேசிப் பேசி சம்மதிக்க வெச்சிருச்சு. வர்ற வியாழக்கிழமை ஊசி போட்டு முடிச்சிருவாங்க.”

அன்றைக்குச் சனிக்கிழமை.

“கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுமா?”

“சேச்சே. உறுமவே உறுமாது.” வைரக்கண்ணுவின் குரலில், அத்தனை சோர்விலும், கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. “குட்டியில உறுமும். நிறுத்திட்டேன்.”

“எப்படி?”

“பேப்பரைச் சுருட்டி மூக்குல ஒரு தட்டு. ஒவ்வொரு தடவையும். எங்க அம்மா பதினோரு வருசம் படுக்கையில கெடந்துச்சு. சின்னச் சத்தம் கேட்டாக்கூட உடம்பு தூக்கிப்போடும். எங்க வீட்டுல பாத்திரம்கூடச் சத்தம் போடாது.”

எஸ்தர் வாளியைக் கீழே வைத்தாள்.

“லைன்ல இருந்தவர்தானே. ஒரு வீட்டுல அடிக்கடி ஃபியூஸ் போகுது. எரிச்சல்பட்டு ஒருத்தர் தடியான கம்பியா எடுத்துக் கட்டிட்டார். என்ன ஆகும்?”

“ஃபியூஸ் போகாது.”

“அப்புறம்?”

“ஒருநாள் வீடு பத்திக்கும்.” சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். இந்தப் பெண் நாயைப் பற்றி எப்போது பேசுவாள் என்று.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

*

கஜாவைத் தோப்பிலேயே விட்டுப் போகச் சொன்னாள். அவரைத் தினமும் வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாயிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

“உக்காருங்க அய்யா. கூப்பிடாதீங்க. அதட்டாதீங்க. பாருங்க.”

“என்னத்தைப் பாக்க?”

“நாயை.”

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இடுப்பு கடுத்தது.

“என்ன பாத்தீங்க?”

“படுத்திருந்துச்சு.”

“அப்புறம்?”

“எந்திரிச்சுச்சு. திரும்பப் படுத்துச்சு.”

“நாளைக்கு வாங்க.”

திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் கோபம். அதுவும் நீடிக்கவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. வீட்டில் மனைவி தையல்நாயகி கட்டுப்போட்ட கையோடு சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். தலை தொங்கி, வாய் திறந்து, அப்படியொரு தூக்கம். கண் விழித்தபோது வெயில் நாற்காலியை விட்டு நகர்ந்திருந்தது. எஸ்தர் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“எழுப்பியிருக்கலாமேம்மா.”

“எதுக்கு?”

“பதினோரு வருசம் ஒழுங்காத் தூங்கல. அம்மா போயும் ஒரு வருசம் ஆச்சு. இன்னும் தூக்கம் வரல. வீட்டுக்காரிக்கும்தான்.”

“அவங்க சொன்னாங்களா?”

“அவ எங்க சொல்லுவா. புரண்டு புரண்டு படுப்பா. தெரியும்ல.”

எஸ்தர் எழுந்து சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கஜாவை நோக்கி நடந்தாள். பாதி தூரத்தில் நின்றாள். சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

வைரக்கண்ணு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே வியப்பாக இருந்தது.

“நாக்கால மூக்கை நக்குச்சு,” என்றார் மெதுவாக. “மூஞ்சைத் திருப்பிக்கிச்சு. உடம்பு கட்டை மாதிரி ஆச்சு. வால் அசையல.”

“அப்புறம்?”

“நீங்க நின்னுட்டீங்க. அது பெருமூச்சு விட்டுச்சு.”

“எத்தனை வருசமா வளக்குறீங்க?”

“ஏழு.”

“இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா, இதெல்லாம்?”

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வாங்க,” என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை எஸ்தர் நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக இல்லை. ஓரமாக, பாதி முதுகைக் காட்டிக்கொண்டு. வெகு நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு கையைக் கழுத்தில் வைத்தாள். கஜா விட்டது. கை முதுகுக்கு வந்தது. விட்டது. இடது பின்தொடைக்கு வந்தது.

எங்கோ தூரத்தில் மாவு மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வைரக்கண்ணு ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் புரிந்தது. சத்தம் நாயின் தொண்டையிலிருந்து வருகிறது.

“ஏய்! சீ, வாயை மூடு!”

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வலது கை தானாக ஓங்கியிருந்தது. கையில் பேப்பர் இல்லை. இருந்தும் கஜா கண்ணை இறுக மூடி, மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டது. சத்தம் நின்றுவிட்டது.

“அய்யா,” என்றாள் எஸ்தர். “கையை இறக்குங்க.”

அவர் இறக்கினார்.

அவள் தன் கையை நாயின் தொடையிலிருந்து எடுத்தாள். எழுந்தாள். இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

“சரிடா,” என்றாள் நாயிடம்.

கஜா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

“என்னம்மா இது. உறுமுனதுக்குப் பயந்து விட்டுட்டீங்க? அது ஜெயிச்ச மாதிரில்ல ஆச்சு?”

“சொல்லுச்சு. கேட்டுக்கிட்டேன்.”

“இப்படி விட்டா அப்புறம் எதுக்கெடுத்தாலும் உறுமும்.”

“உறுமட்டும்.”

வேறொரு நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு நிழல் மாறிப் படுத்தது.

“சிலிண்டர்காரர் என்ன செஞ்சப்ப கடிச்சுது?” என்று கேட்டாள் எஸ்தர்.

அவர் யோசித்தார். “சிலிண்டர உருட்டிக்கிட்டு வந்தாரு. இது வழியில படுத்திருந்துச்சு. பின்னால இடிச்சிருச்சு.”

“மாப்பிள்ளை?”

“நாற்காலிக்கு அடியில இருந்துச்சு. காலைப் புடிச்சு இழுத்தாரு. பின்னங்காலு.”

“வீட்டம்மா?”

“தெரியலம்மா.”

“அவங்க சொல்லலியா?”

“சொல்லல.”

“நீங்க கேக்கலியா?”

வைரக்கண்ணு வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிப்போனார். நாய்க்கடி ஊசிக்கு அவர்தான் சீட்டு வாங்கினார். ஏழு தையலையும் பக்கத்தில் நின்று எண்ணினார். வலியில் அவள் பல்லைக் கடித்தபோது, ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சத்தம் போடாத’ என்று சொன்னதும் அவர்தான்.

“கேக்கல,” என்றார்.

“நாளைக்கு அவங்களையும் அழைச்சுக்கிட்டு வாங்க.”

*

புதன்கிழமை தையல்நாயகி வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு. இடது முன்கையில் வெள்ளைக் கட்டு. தோப்பில் காலடிச் சத்தம் எழாமல் நடந்தாள். நடையே அப்படி ஆகியிருந்தது.

கஜா அவளைக் கண்டதும் வாலை ஆட்டியது. அவள் கண் கலங்கியது. கிட்டே போகவில்லை.

எஸ்தர் ஒரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“காலையில எடுத்தது. இடுப்பு எலும்பு குட்டியில முறிஞ்சு, தானா கோணலாக் கூடியிருக்கு. மூட்டு தேஞ்சுபோச்சு. ரெண்டு மூணு வருசமா வலி இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றார்.”

வைரக்கண்ணு படத்தைப் பார்த்தார். வெள்ளையும் கறுப்பும்தான் தெரிந்தது. அவருக்குத் தென்னை மரம் ஞாபகம் வந்தது. குட்டி அதன் அடியில்தான் கிடந்தது. தூக்கி, துடைத்து, பால் ஊற்றி, பிழைத்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அத்தோடு சரி.

“அம்மா,” என்றாள் எஸ்தர் தையல்நாயகியிடம். “அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள்.

“அவ பாட்டுக்கு வீடு கூட்டிக்கிட்டு இருந்தா...” என்று ஆரம்பித்தார் அவர்.

எஸ்தர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தையல்நாயகியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வைரக்கண்ணு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்புறம்தான் தையல்நாயகி பேசினாள். உதடு மட்டும் அசைந்ததுபோல இருந்தது. எஸ்தர் குனிந்து காதைக் கொடுக்கவேண்டியிருந்தது.

“அத்தை கட்டிலுக்கு அடியில படுத்திருந்துச்சு. அங்க கூட்டணும். பின்னால புடிச்சு இழுத்தேன்.”

“ஏம்மா இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?”

“பழகிப்போச்சு.”

எஸ்தர் கஜாவிடம் போய் உட்கார்ந்தாள். தொடைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். தொடவில்லை. நாய் உறுமியது. நேற்றைவிடத் தெளிவாக. அவள் கையை எடுத்தாள். உறுமல் நின்றது.

தையல்நாயகி நெஞ்சில் கைவைத்தாள்.

“இது உறுமுதே!”

“ஆமா.”

“குட்டியில கேட்டது. அப்புறம் நான் கேட்டதே இல்லையே. உனக்கு இன்னும் குரல் இருக்காடா?” என்று நாயைக் கேட்டாள். கேட்டவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிற்று.

வைரக்கண்ணு எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு வியாழக்கிழமைம்மா,” என்றார் எஸ்தரிடம். “டாக்டர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

“அதை நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும். வலிக்கு மாத்திரை இருக்கு. ஆயுசுக்கும் குடுக்கணும். பின்பக்கம் யாரும் தொடக்கூடாது. உறுமுனா விலகிடுங்க. குழந்தை வந்தா தனி ரூம், கதவு சாத்தி. வெளிய கூட்டிக்கிட்டுப் போனா வாய்க்குக் கூடு.”

“மறுபடியும் கடிக்காதுல்ல?”

“தெரியாது.”

இந்த ஐந்து நாளில் அவள் சொன்ன பதில்களில் அதுதான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

தையல்நாயகியைப் பார்த்தார். அவள் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம்,” என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டாக்டருக்குப் பேசினார். பிறகு பெண்ணுக்குப் பேசினார். அவள் நீண்ட நேரம் கத்தினாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், முடிகிறவரை கேட்டார். முடிந்ததும், நாய்க்கு ஒரு தனி ரூம் ஒதுக்குவதாகச் சொன்னார். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள் பெண்.

காரில் ஏறும்போது எஸ்தரிடம் கேட்டார்.

“வீட்டுல இதுக்கு நான் என்ன பழக்கணும்?”

“இதுக்கா?” என்றாள் எஸ்தர். தோப்புக் கேட்டைச் சாத்தினாள்.

*

பின்சீட்டில் தையல்நாயகியும் கஜாவும். நாய் ஜன்னல் ஓரம் தலையை வைத்துக்கொண்டது. கார் வல்லத்தைத் தாண்டி, தஞ்சாவூரைச் சுற்றிக்கொண்டு பட்டுக்கோட்டை ரோட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்.

“அந்தக் கட்டில எடுத்து வெளிய போடணும்,” என்றாள் தையல்நாயகி.

“எந்தக் கட்டிலு?”

“அத்தை கட்டிலு. ஒரு வருசமா நடுக்கூடத்துல கெடக்கு. தெனம் அதுல இடிச்சுக்குறேன். தெனம் அந்த விரிப்பை உதறி விரிக்கிறேன். யாருக்கு விரிக்கிறேன்? எனக்கு அதைப் பாக்கவே புடிக்கல.”

கடைசிச் சொல் காருக்குள் பெரிதாகக் கேட்டது. கஜா தலையைத் தூக்கியது.

“சரி சரி, மெதுவா...” என்றார் வைரக்கண்ணு.

சொன்னதும் நிறுத்தினார். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடு மூடியிருந்தது. முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். உடம்பு அசையாமல் இருந்தது.

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது.

“சொல்லு தையலு,” என்றார்.

அவள் வயலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் ஒண்ணும் பேசல. நீ சொல்லு.”

ஒரு ஊர் கடந்தது. இன்னொரு ஊர் கடந்தது.

“அத்தைக்குக் கை கால் விழுந்த அன்னிக்கு,” என்று ஆரம்பித்தாள், “எங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். பொடவை கட்டிக்கிட்டு நின்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இல்லை. இல்லை என்று சொன்னார்.

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் ஏறியது. சில இடத்தில் உடைந்தது. சில இடத்தில் அவரைத் திட்டியது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

ஒரத்தநாடு வந்தது. அவள் இன்னும் முதல் வருஷத்தையே முடிக்கவில்லை.