பழசு ஒண்ணு வேணும்

அன்று காலை ஆற்றங்கரை மடத்துக்கு வந்த சிவசைலத்துக்குக் கண் இரண்டும் சிவந்து கிடந்தன. சீடர்தான், ஆனால் வயசு நாற்பத்தாறு. பஜாரில் பெரிய ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். குரு கோமதிநாயகம் சாமி அவரைவிடப் பத்து வயசு சின்னவர்.

"சாமி, பதினோரு வருசம் கழிச்சுப் பிறந்த பிள்ளை. ஒன்பது நாளா கண்ணே மூட மாட்டேங்கா."

"என்ன செய்யுது?"

"தொட்டில் துணி உறுத்துது. உடம்பெல்லாம் தடிப்பு. டாக்டரம்மா பழைய நூல்துணியில போடச் சொல்லுதாங்க."

"போட வேண்டியதுதானே?"

"மூணு பீரோ நிறையத் துணி இருக்கு. பழசு ஒண்ணுகூட இல்ல சாமி."

இருக்குமா பின்னே? 'பழசைக் கொடு, புதுசை எடு' என்று கடை வாசலில் போர்டு வைத்த புண்ணியவானே இவர்தான். வீட்டுச் சேலைகளை மூட்டை கட்டி முதல் ஆளாகப் போட்டதும் இவர்தான்.

"தெருவில கேட்டீரா?"

"தெருவே நம்ம கடைத் துணிதான் சாமி."

சாமி சிரிக்கவில்லை.

"ஒரு யோசனை வச்சிருக்கேன்" என்று பையிலிருந்து ஊதாச் சேலை ஒன்றை எடுத்தார் சிவசைலம். "புதுசைத் துவைச்சுத் துவைச்சே பழசாக்கிட்டா?"

"படித்துறை அந்தா இருக்கு" என்றார் சாமி.

போய்த் துவைத்தார். அடித்தார், பிழிந்தார், மறுபடி அடித்தார். ஊதாச் சாயம் தண்ணீரில் இறங்கி மெல்ல மெல்ல மிதந்து போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் சொருகியது.

அவர் இத்தனை வருசமாக விற்ற சட்டைகளும் சுடிதார்களும் ஆளில்லாமல் ஆற்றோடு வந்துகொண்டிருந்தன. எல்லாம் அப்போதுதான் கவர் பிரித்த மாதிரி இருந்தன. ஒன்றிலும் மனுச வாசனை இல்லை. நடுவில் எங்கேயோ அவர் பிள்ளை அழுதது. ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார், பிள்ளையைக் காணோம். ஐயையோ என்று பதறி விழித்தார்.

கையில் சேலை இரண்டாகக் கிடந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு ஓடி வந்தார். "சாமி, கிழிஞ்சு போச்சு. ஆனா பழசாகலையே!"

சாமி இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். கட்டியிருந்த காவி வேட்டியை அலசி, வெயிலில் காயவைத்து, மடித்துத் தயாராக வைத்திருந்தார். காவி நிறமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

சிவசைலம் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"எத்தனை வருசம் சாமி?"

"பதிமூணு. சீக்கிரம் போம், பிள்ளை அழும்."

படியிறங்கியவர் திரும்பி நின்றார். "நாளைக்கே உங்களுக்குப் பத்து வேட்டி கொண்டாறேன் சாமி."

"பத்து எதுக்குவே? ஒண்ணு போதும்" என்றார் சாமி. "நீரு கட்டிப் பழசானதும் கொண்டாரும்."