பாதி இலைக்காரர் சங்கம்

ஒரு காட்டில் கணினி வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. காட்டுக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. முதலில் ஆலமரத்துப் பொந்தில் ஒன்று வந்தது. அப்புறம் ஆற்றங்கரையில் ஒன்று, மலை உச்சியில் ஒன்று என்று வரிசையாக வந்து, மரத்துக்கு மரம் கேபிளும் ஓடியது. இந்தப் பொந்தில் தட்டினால் அந்தப் பொந்தில் தெரியும். புலி எந்தப் பக்கம் நடமாடுகிறது, எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது என்ற சேதியெல்லாம் அதில்தான் போகும், வரும். அதற்கு வலை என்று பெயர் வைத்தார்கள்.

வலை என்றால் அது அவ்வப்போது படுத்துக்கொள்ளும். எழுப்பி உட்கார வைக்க ஆள் வேண்டும். கண்டவர்களும் கை வைத்தால் காடே ஊமையாகிவிடுமே என்று, அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு முதற்படித் தேர்வு வைத்தார்கள். தேர்வு அதிகாரி ஒரு நாரை. கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. அதனிடம் சிபாரிசும் செல்லாது, அழுகையும் செல்லாது.

தேர்வில் இரண்டு தாள். கேபிள் போடுவது, ஒவ்வொரு கணினிக்கும் முகவரி கொடுப்பது, இதெல்லாம் முதல் தாள். ஒரு சேதி எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது இரண்டாம் தாள். ஒரு தாளில் தேறினால் நாரை ஒரு தேக்கிலையில் தன் கால்தடத்தைப் பதித்துக் கொடுக்கும். அதற்குப் பாதி இலை என்று பெயர். இரண்டிலும் தேறினால் முழு இலை. வேலை முழு இலைக்குத்தான்.

அந்தக் காட்டு ஆற்றங்கரையில் இருளாயி என்று ஓர் உடும்பு இருந்தது. உடும்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும், பிடித்தால் விடாது. படிப்பையும் இருளாயி அப்படித்தான் பிடித்தது. முகவரிக் கணக்கென்றால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். இருளாயி வாலால் மணலில் கோடு கிழித்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். முதல் தாளில் முதல் தடவையே தேறியது. அந்தப் பாதி இலையை வாயில் கவ்விக்கொண்டு காடு முழுக்க ஒரு சுற்று சுற்றியும் வந்தது.

ஆனால் உடும்பு படித்தது பெருமைக்காக அல்ல. அதற்கு வேண்டியது மலை உச்சியில் இருந்த மண்.

போன மழையில் ஆறு பொங்கி வளைக்குள் புகுந்து, போட்டு வைத்திருந்த முட்டைகளை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. உடும்பு அழுதது கொஞ்சமா நஞ்சமா. ஆற்றங்கரையை விட்டால் மேட்டு நிலமெல்லாம் கீரிகளின் கையில் இருந்தது. முட்டையைக் கண்டால் கீரி சும்மா விடுமா? தண்ணீரும் ஏறாமல், கீரியும் வராமல் இருந்த ஒரே இடம் மலை உச்சி வலை நிலையம்தான். அங்கே வேலை பார்க்கிறவர்கள் மட்டும்தான் வளை தோண்டலாம் என்பது காட்டுச் சட்டம். இந்த வருஷமும் உடும்பின் வயிற்றில் முட்டை இருந்தது. மழைக்குள் முழு இலை வாங்கிவிட வேண்டும் என்று அது இரண்டாம் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து நாரை ஆலமரத்தில் ஓர் அறிவிப்பைத் தொங்கவிட்டது.

இனிமேல் இரண்டு தாள் கிடையாது, ஒரே தாள்தான் என்று அதில் இருந்தது. அணில்கள் கேபிளைக் கடித்துக் கடித்துப் பாதிக் காட்டில் இப்போது கேபிளே இல்லை. சேதி காற்றில்தான் போகிறது. அதனால் வயர்லெஸ் பாடம் புதிதாகச் சேர்கிறது. எழுதினால் மட்டும் போதாது, கெட்டுப்போன ஒரு வலையைக் கொடுத்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் வேண்டும். பழைய பாதி இலை இனிச் செல்லாது. மலை நிலையத்தில் காலி இடம் இரண்டு. தேர்வு, மழை தொடங்குவதற்கு முன்.

அதைப் படித்த உடும்புக்குக் கோபம் கோபமாக வந்தது.

பக்கத்து வளையில் சுடலி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அது முதல் தாளிலேயே தோற்றுப்போனது. அறிவிப்பைப் பார்த்து அதற்கு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. இழப்பதற்கு அதனிடம் என்ன இருந்தது? நேராக உடும்பிடம் வந்து, மலையடியில் மைனா வயர்லெஸ் வகுப்பு எடுக்கிறதாம், சேர்ந்து போகலாம் என்று கூப்பிட்டது.

"முகவரிக் கணக்கை நீங்க எனக்குச் சொல்லித் தாங்கக்கா. அது ஒண்ணுதான் எனக்கு மண்டையில ஏறல. மத்ததை நாம ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சிரலாம்."

"நான் ஏன் முதல்ல இருந்து வரணும்?" என்றது உடும்பு. "தோத்த நீயும் தேறின நானும் ஒரே இடத்துலயா நிக்கணும்? நல்லா இருக்கே நியாயம்."

முள்ளம்பன்றி தனியாகவே வகுப்புக்குப் போனது.

உடும்பைப் போலவே பாதி இலை வைத்துக்கொண்டு வயிறெரிந்தவர்கள் காட்டில் இன்னும் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மாசிலாமணி என்ற நரி. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது, அது வேறு விஷயம். நரி எல்லாரையும் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டுப் பாதி இலைக்காரர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியது. தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நரி அன்றைக்குப் பேசிய பேச்சில் காட்டுப்பூனை கண்ணைத் துடைத்துக்கொண்டது. ராப்பகலாகப் படித்து வாங்கிய இலையை ஒரே நாளில் சருகாக்க இந்த நாரை யார் என்று கேட்டபோது, இருளாயி வாலால் தரையை ஓங்கி அடித்தது. அதன் மனசில் இருந்ததை அப்படியே நரி பேசியது.

அப்புறம் நரி குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன், எல்லாரும் மனசுல வச்சுக்குங்க. புதுப் பாடத்துல நாம ஒரு வரி படிச்சாலும், நம்ம இலை செல்லாதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அதனால யாரும் அதைத் தொடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

எல்லாரும் சத்தியம் செய்தார்கள். முதலில் செய்தது உடும்பு. அதன் உறுதியைப் பார்த்து அங்கேயே அதைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

அன்று முதல் உடும்புக்கு வேலையோ வேலை. காலையில் எல்லாரையும் கூட்டும், கோஷம் போட வைக்கும். தலைவருக்குச் சந்தாவாக ஆளுக்கு ஒரு நண்டு வசூலித்துக் கொடுக்கும். பாதி இலை வெயிலில் காய்ந்து நொறுங்காமல் இருக்க ஈர மண்ணில் பொதிந்து வைக்கும். இதற்கெல்லாம் செலவான நேரத்தில் வயர்லெஸ் பாடத்தைத் தலைகீழாகப் படித்திருக்கலாம். அதை அப்போது சொன்னால் யார் கேட்பார்கள்?

நரி மட்டும் மத்தியான நேரங்களில் கூட்டத்தில் இருக்காது. நாரையோடு பேச்சுவார்த்தை என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஒருநாள் முள்ளம்பன்றி வந்து, மைனா வகுப்பில் மாசிலாமணி அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கேள்வி மேல் கேள்வி கேட்கிறார் என்று சொன்னது. உடும்பு நம்பவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் நரியிடமே போய் விசாரித்தது. நரி கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமாக்கா, போறேன். அந்தப் பாடத்துல என்னென்ன ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே நாரைகிட்ட எதிர்த்துப் பேச முடியும்? உங்க எல்லாருக்காகவும்தான் அந்தக் கஷ்டத்தை நான் ஒருத்தன் படுறேன்."

தலைவர் நமக்காக எவ்வளவு பாடுபடுகிறார் என்று உடும்புக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சந்தாவோடு தன் பங்கு நண்டையும் சேர்த்துக் கொடுத்தது. வயிற்றில் முட்டையை வைத்துக்கொண்டு அது அன்று பட்டினி கிடந்தது.

வானம் கறுக்கத் தொடங்கியது. தேர்வு நாளும் வந்தது.

சங்கத்தார் எல்லாரும் பாதி இலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆலமரத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். நான் உள்ளே போய்க் கடைசியாக ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன், நீங்கள் கோஷத்தை நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு நரி உள்ளே போனது. போனது போனதுதான். தொண்டை வறண்டு போய்ச் சிலர் உட்கார்ந்தார்கள். சிலர் மெல்ல நழுவினார்கள். உடும்பு மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் அதற்கும் பொறுக்காமல் வேர்களுக்கு நடுவே தலையை நீட்டி உள்ளே பார்த்தது.

நரி வினாத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தது.

நாரை உடும்பைப் பார்த்து, "எழுத வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா? எழுதறதுன்னா உட்காரு, இன்னும் நேரம் இருக்கு" என்றது. உடும்பு ஒரு நொடி வாசலைப் பார்த்தது. அப்புறம் தன் வயிற்றைப் பார்த்தது. உள்ளே போய் உட்கார்ந்தது.

தாளைப் பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்த கேள்விகள். கேபிள் பற்றி, முகவரி பற்றி, வழி பற்றி, எல்லாம் அது விழுந்து விழுந்து படித்தவைதான். உடும்பு மளமளவென்று எழுதியது. வயர்லெஸ் கேள்விகள் வந்த இடத்தில் மட்டும் பேனா நின்றது. அவற்றை அப்படியே விட்டுவிட்டது.

அடுத்தது கெட்டுப்போன வலை. ஆலமரத்திலிருந்து அனுப்பும் சேதி மலைக்குப் போய்ச் சேரவில்லை, ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். உடும்பு கேபிளைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து நுனி வரை போனது. கேபிளில் வெட்டுக்காயம் இல்லை. கேபிள் செருகியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. முகவரியும் சரியாக இருந்தது. கேபிள் முடிந்த இடத்தில் காற்றில் பேசும் பெட்டி ஒன்று இருந்தது. அதை என்ன செய்வதென்று உடும்புக்குத் தெரியவில்லை. தெரிந்தது கேபிள்தானே, மறுபடியும் அடியிலிருந்து பார்த்தது. மறுபடியும் சரியாக இருந்தது. நேரம் முடிந்தது என்று நாரை சொல்லும்போதும் உடும்பு அந்தக் கேபிளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

கோளாறு பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பெட்டிகள் ஒரே அலைவரிசையில் பேசி, ஒன்றின் பேச்சை ஒன்று அமுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றை வேறு அலைவரிசைக்கு மாற்றினால் போதும். மைனா முதல் வகுப்பிலேயே சொன்ன விஷயம் அது.

சாயங்காலம் முடிவு வந்தது. தேறியது இரண்டு பேர். நரிக்கு முதல் இடம். முள்ளம்பன்றிக்கு இரண்டாம் இடம். முகவரிக் கணக்கில் தடுமாறி, மற்றதில் கரையேறியிருந்தது. மலை நிலையத்தில் இருந்த இடமும் அத்தோடு நிரம்பிவிட்டது.

முழு இலையோடு வெளியே வந்த நரியை உடும்பு வழிமறித்து, இப்படிக் கழுத்தை அறுத்துவிட்டாயே என்று கேட்டது.

"நான் உங்களை எழுத வேணாம்னு சொல்லவே இல்லையேக்கா" என்றது நரி. "படிக்க வேணாம்னுதானே சொன்னேன்."

சொல்லிவிட்டு அது மலைப்பாதையில் ஏறிப் போய்விட்டது.

உடும்பு நாரையிடம் போனது. தான் முன்பே பாதி தேறியதையும், சங்கம் சேர்ந்ததையும், ஏமாந்ததையும் ஒன்று விடாமல் சொன்னது. நாரை உடும்பின் விடைத்தாளை எடுத்து அதன் முன்னால் போட்டது.

"பாரு. வயர்லெஸ் மட்டும் தெரிஞ்சிருந்தா நீதான் முதல். இதுல சரியா இருக்கறதெல்லாம் நீ முன்னாடி படிச்சதுதான்."

"அப்போ என் இலை செல்லாதுன்னு ஏன் சொன்னீங்க?"

"இலை செல்லாதுன்னுதான் சொன்னேன். நீ படிச்சது செல்லாதுன்னு எப்போ சொன்னேன்?"

உடும்பு விடைத்தாளில் தான் காலியாக விட்டிருந்த இடங்களைப் பார்த்தது. அப்புறம் அந்த வயர்லெஸ் பாடத்தைப் படிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டது.

"உனக்கா? ஒரு வாரம் போதும்."

"அடுத்த தேர்வு எப்போங்கய்யா?"

"மழை முடிஞ்ச பிறகு" என்றது நாரை.

உடும்பு வேறு போக்கிடம் இல்லாமல் ஆற்றங்கரைக்கே திரும்பியது. அது முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. அது வளைக்குப் போய்ச் சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நீதி: பாதை மாறினால் பழைய சான்றைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, கற்றதை எடுத்துக்கொண்டு புதிய பாதையில் நட.